கதவு ஏன் மேலே திறந்தது?

மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் கதவு மேல்நோக்கித் திறக்கும். 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் அதை முதன்முதலாகப் பார்த்தவர்கள், கண்ணைக் கவரச் செய்த வேலை என்றே நினைத்திருப்பார்கள். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். காரணத்தைத் தேடினால் கதவுக்குக் கீழே பார்க்க வேண்டும். அந்தக் காரின் சட்டகம் மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்துச் செய்தது. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அந்த உறுதி கிடைக்க வேண்டுமென்றால் குழாய்கள் இரண்டு பக்கமும் நல்ல உயரத்தில் ஓட வேண்டும். சாதாரணக் கதவு இருக்க வேண்டிய இடத்தின் கீழ்ப்பாதியைக் குழாய்களே எடுத்துக்கொண்டுவிட்டன. மிஞ்சியது மேல்பாதி. அதனால் கீலைக் கூரையில் வைத்தார்கள். 1952-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முன்னோடி ரேஸ் காரிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. அதைத்தான் விற்பனைக் காருக்கும் கொண்டுவந்தார்கள்.

ஒரு முடிவு எடுத்தவுடன் அதன் பின்னால் எத்தனை விசித்திரங்கள் வரிசையாக வருகின்றன என்று பாருங்கள். உயரமான அந்தத் திண்டைத் தாண்டி உள்ளே காலை நுழைக்க ஸ்டீயரிங் தடையாக இருந்தது. அதனால் ஸ்டீயரிங்கை மடித்துச் சாய்க்கும்படி செய்தார்கள். கதவின் வடிவத்தில் கண்ணாடியைக் கீழே இறக்க இடமில்லை. அதனால் கண்ணாடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி இறங்காததால் கோடையில் உள்ளே வெந்துபோகும். 1957-இல் கூரையில்லாத ரோட்ஸ்டர் வந்தபோது சட்டகத்தையே மாற்றி, பக்கவாட்டுக் குழாய்களைத் தாழ்த்தி, எல்லாக் கார்களையும் போலப் பக்கவாட்டில் திறக்கும் கதவை வைத்தார்கள். காரணம் போனது, விசித்திரமும் போனது. மேலே திறக்கும் கதவோடு உருவானவை 1,400 கார்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மேல் எனக்கு உள்ள பிடிப்புக்கு அடிப்படை இதுதான். அவற்றின் வினோதங்களை வரிசையாக அடுக்கி "என்ன அழகு" என்று பெருமூச்சு விடுவது எனக்குப் போதவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒரு எஞ்சினியர் ஒரு நெருக்கடியில் கண்டுபிடித்த விடை. அந்த விடையை மறைக்க அன்று வசதியில்லை. அதனால் அது வெளியே தெரிகிறது, கையில் படுகிறது, காதில் விழுகிறது. காரணம் தெரிந்த பிறகு அந்த வினோதம் இன்னும் பிடித்துப்போகிறது. சிலவற்றில் காரணம் தெரிந்தால் அது ஒழிந்ததே நல்லது என்றும் புரிகிறது.

ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1958-இல் வந்தது. பானெட்டின் மேல் இரண்டு ஹெட்லைட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தவளைக் கண் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் வரைந்த திட்டத்தில் அந்த விளக்குகள் பகலில் வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்க வேண்டும், இரவில் எழுந்து நிற்க வேண்டும். அந்த எழுப்பும் பொறிக்குச் செலவு அதிகம். இளைஞர்கள் வாங்கக்கூடிய மலிவான கார் என்பதுதான் ஸ்பிரைட்டின் நோக்கமே. பொறியைத் தூக்கிப் போட்டார்கள், விளக்கை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. மூன்றே ஆண்டுகளில், 1961-இல், அடுத்த மாடலில் விளக்குகள் மட்கார்டுக்கு இறங்கிவிட்டன. கார் ஒழுங்காக ஆனது, முகம் போய்விட்டது.

அதே ஸ்பிரைட்டுக்கு டிக்கிக் கதவும் கிடையாது. பின்பக்கத் தகட்டை வெட்டித் திறப்பு வைத்தால் உடலின் உறுதி குறையும், செலவும் கூடும். பெட்டியோ ஸ்டெப்னியோ வேண்டுமென்றால் சீட்டை முன்னால் சாய்த்து, அந்த இருட்டுக்குள் தலையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். வெளியில் கதவுப் பிடியும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் அப்படித்தான். எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிஏ ரோட்ஸ்டரில் கதவைத் திறக்க, ஜன்னலுக்குப் பதில் மாட்டும் பக்கவாட்டுத் திரையின் மடிப்புக்குள் கையை விட்டு உள்ளே இருக்கும் ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். பூட்டு என்ற பேச்சே இல்லை.

எம்ஜிஏ என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. 1955 முதல் 1959 வரை வந்த எம்ஜிஏவில் இருந்த 1489 சிசி இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ். நம் அம்பாசடருக்குள் பல தலைமுறையாக ஓடியதும் அதே 1489 சிசி பி சீரிஸ்தான். அங்கே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு வைத்து, இன்னும் சில மாற்றங்கள் செய்து வேகத்துக்குத் தயார் செய்தார்கள். இங்கே ஒரே கார்புரேட்டரோடு ஏழு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக் கல்யாணத்துக்கு அனுப்பினோம். குளிர் காலை அம்பாசடரில் சோக் குமிழை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் செய்த அப்பாக்களையும் டிரைவர்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எம்ஜி அந்நியமாக இருக்காது. நான் வேலை நிமித்தம் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த காலத்தில் இதை நேரில் உணர்ந்தேன். எங்கள் தெருவில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் 1960-களின் எம்ஜிபி ஒன்றை வைத்திருந்தார். அதே பி சீரிஸின் 1798 சிசி வடிவம். அவர் பானெட்டைத் திறந்தபோது எனக்குப் பழகிய வாசம் வந்தது.

அந்தக் காரை ஸ்டார்ட் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே சுழலாது. முதலில் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது எஸ்யூ பெட்ரோல் பம்ப். உள்ளே ஒரு மின்காந்தம் ஒரு சவ்வை இழுத்து விடுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு டிக். முதலில் வேகமாக அடிக்கும். முன்னால் கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்ப நிரம்ப அடி மெதுவாகும், அப்புறம் நின்றுவிடும். நின்றால் பெட்ரோல் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது கிண்ணத்தின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது டேங்க் காலி. எதுவுமே அடிக்கவில்லையென்றால் பம்பின் பாயிண்ட் கருகியிருக்கும். இத்தனையும் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாமல் தெரிந்துவிடுகிறது. இன்றைய காரில் மஞ்சள் விளக்கு எரியும், என்ன கோளாறு என்று சொல்லாது. அதற்கு ஒரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சோக். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அந்த எம்ஜிபியின் எஸ்யூ கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால், பெட்ரோல் வரும் சிறு குழாயான ஜெட் கீழே இறங்குகிறது. ஜெட்டுக்குள் ஒரு கூம்பு ஊசி நிற்கிறது. ஜெட் இறங்க இறங்க ஊசிக்கும் துளைக்கும் இடையே இடைவெளி பெரிதாகி, பெட்ரோல் அதிகம் வருகிறது. கையில் இழுக்கும் குமிழுக்கும் அங்கே இறங்கும் ஜெட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிதான். இன்ஜின் சூடேற ஏற அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. சத்தத்தைக் கேட்டு நாமே தீர்மானிக்க வேண்டும்.

எஸ்யூ கார்புரேட்டரின் வரலாறே சுவையானது. ஸ்கின்னர் குடும்பத்துக்குக் காலணி வியாபாரம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சகோதரர்கள் உருவாக்கிய முதல் வடிவத்தில், காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும் துருத்தி தோலால் செய்தது. செருப்புக்கடைக்காரர்கள் வீட்டில் தோலுக்கா பஞ்சம்! பின்னால் தோலுக்குப் பதில் உலோக பிஸ்டன் வந்தது. அந்த பிஸ்டன் துள்ளாமல் இருக்க மேலே ஒரு சிறு குழாயில் ஆயில் ஊற்றி வைப்பார்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் அந்த ஆயில் பிஸ்டனை ஒரு கணம் பிடித்து நிறுத்தும், அந்தக் கணத்தில் கலவை செறிவாகும், வண்டி இழுக்கும். ஆயில் வற்றினால் மிதித்தவுடன் வண்டி ஒரு முறை திணறும். திணறினால் மூடியைத் திருகி இரண்டு சொட்டு விட வேண்டியதுதான். இவ்வளவு எளிய பொருளுக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அந்தப் பெரியவரிடம் நான் கற்றுக்கொண்டது இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்துவது. அரை மீட்டர் ரப்பர் குழாய் ஒன்று. ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயருகே பிடிக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் இரண்டாவதன் வாய்க்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் கேட்கும் வரை திருகை ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். தம்பூராவின் தந்திகளைச் சேர்ப்பவர் முகத்தில் பார்க்கும் அதே கவனம் அவர் முகத்தில் இருந்தது. சேர்ந்த பிறகு இன்ஜின் ஓடும் விதமே மாறிவிடும். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த கண்ணாடி அமைதியாகும்.

இதை ஒரு தொல்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தினமும் அலுவலகம் போகிறவருக்கு இது தொல்லைதான். ஆனால் ஒரு இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று காதால் தெரிந்துகொள்ள முடிந்த காலம் ஒன்று இருந்தது. அதை அனுபவித்தவர்களுக்கு அது வெறும் தொல்லையாக மட்டும் நினைவில் நிற்பதில்லை.

மீட்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945 முதல் 1950 வரை வந்த எம்ஜி டிசியில் டிரைவருக்கு நேரே இருப்பது ஆர்பிஎம் மீட்டர். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் உட்காருபவருக்கு நேரே! அதைச் செய்தவர்களின் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஓட்டுபவருக்கு இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்பதுதான் முதல் தேவை. வேகம் எவ்வளவு என்று பதறுவது பக்கத்துச் சீட்டுக்காரரின் வேலை. பெட்ரோல் முள்ளும் கிடையாது. டேங்கில் கொஞ்சமே மிஞ்சும்போது ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். அமெரிக்காவில் அந்தக் காருக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே உருவானது. அத்தனைக்கும் டிசி வலப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வந்தது.

மழைக்கான ஏற்பாடுகளில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. கூரையைப் போடுவது என்றால் டிக்கியிலிருந்து குழாய்களை எடுத்துப் பொருத்தி, துணியை இழுத்து, பொத்தான் பொத்தானாக மாட்ட வேண்டும். மாட்டி முடிக்கும்போது மழை நின்றிருக்கும். ஜாகுவார் ஈ-டைப்பில் முன்கண்ணாடி அகலம் அதிகம், உயரம் குறைவு, அதனால் மூன்று வைப்பர். பார்க்க அழகு. மழை உள்ளே வருவதை அவை தடுக்கவில்லை.

கியரில் கொஞ்சம் நிற்கலாம். எம்ஜிபியில் 1967 வரை முதல் கியருக்கு, பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சிங்க்ரோ கிடையாது. ஈ-டைப்பிலும் 1964-இல் 4.2 லிட்டர் மாடல் வரும்வரை அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். நம்மூர் பழைய லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் என்பார்கள். பல்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால் கியர் வெண்ணெயாக விழும். வராவிட்டால் கரகரவென்று ஊருக்கே சொல்லிவிடும். ஆஸ்டின்-ஹீலி 100-இன் முதல் மாடலில் இன்னொரு வேடிக்கை. ஆஸ்டினின் பெரிய குடும்பக் காரிலிருந்து எடுத்த நாலு கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் எடை குறைந்த இந்த வண்டிக்குத் தேவையே இல்லாத அளவு தாழ்வு. அதை அடைத்துவிட்டு மூன்று கியராக்கினார்கள். குறைந்ததை ஈடுகட்ட ஓவர்டிரைவ் வைத்தார்கள். சுவிட்சைத் தட்டினால் கிளட்ச் மிதிக்காமலேயே பாதி கியர் மாறும். நெடுஞ்சாலையில் அந்தச் சுவிட்சைத் தட்டியதும் இன்ஜின் ஒரு மூச்சு இறங்கும் பாருங்கள், அதில் உள்ள சுகமே தனி.

பழைய ஃபெராரிகளில் கியர்க் கம்பி ஒரு உலோகத் தகட்டில் வெட்டிய பாதைகளுக்குள் நகரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளிக் என்று உலோகம் உலோகத்தில் படும் சத்தம். குளிர்ந்த பெட்டியில் இரண்டாவது கியர் விழாது. ஆயில் சூடாகும்வரை முதலிலிருந்து மூன்றாவதுக்குப் போவது பலருடைய வழக்கம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

காரணம் செத்த பிறகும் உயிரோடு இருக்கும் வினோதத்துக்குச் சரியான உதாரணம் போர்ஷே. 911-இல் சாவி ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம். லெ மானில் அன்று டிரைவர்கள் சாலையின் குறுக்கே ஓடிவந்து காரில் ஏறி ஸ்டார்ட் செய்வார்கள். இடக்கை சாவியைத் திருப்பும்போதே வலக்கை கியரைப் போட்டுவிடலாம், ஒரு நொடி மிச்சம் என்பது போர்ஷே ரசிகர்கள் சொல்லும் காரணம். 1969-இல் பெல்ஜிய ரேஸ் டிரைவர் ஜாக்கி இக்ஸ், இது ஆபத்தான முறை என்று காட்ட ஓடாமல் நடந்தே போய், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். அந்தப் பந்தயத்தை அவரே வென்றார். அதோடு ஓடிவந்து ஏறும் வழக்கம் ஒழிந்தது. ஆனால் சாவி இடப்பக்கமே இருந்தது. 2024-இல் வந்த மாற்றத்தில் அது அழுத்தும் பொத்தானாகிவிட்டது. பொத்தானும் இடப்பக்கம்தான்.

911-இன் இன்னொரு வினோதம் ஒரே ஒரு வருடம்தான் வாழ்ந்தது. 1972 மாடலில் ஆயில் டேங்கைப் பின்சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் குவிந்துகிடந்த எடை கொஞ்சம் முன்னால் நகர வேண்டும் என்பது நோக்கம். ஆயில் ஊற்ற வலப்பக்கக் கதவுக்குப் பின்னால் ஒரு சிறு மூடி. அதைப் பார்த்த பெட்ரோல் பங்க் பையன்கள் அதற்குள் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள்! 1973 மாடலில் டேங்க் பழைய இடத்துக்கே போனது. இன்று அந்த மூடியுள்ள கார்களைச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். காற்றால் குளிரும் அந்த இன்ஜினில் சூடான தண்ணீர் கிடையாது, அதனால் ஹீட்டருக்கு சைலன்சர் பக்கமிருந்தே சூடு எடுத்தார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்ளே சூடு, காலை எடுத்தால் குளிர். ஏதாவது கசிந்தால் ஆயில் வாசமும் கூடவே வரும். 1998-இல் காற்றுக் குளிர்ச்சி முடிந்தபோது இதெல்லாம் சேர்ந்தே முடிந்தது.

எல்லாவற்றையும் ஒரே ஏக்கத்தோடு பார்க்கக் கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஸ்பிட்ஃபயர். கோவென்ட்ரியில் ட்ரையம்ஃப் தயாரித்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார், 1962-இல் வந்தது. அதன் சேஸிஸ், ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியக் கார் வடிவமைப்பாளரான மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் சென்னையில், வண்டலூர்ப் பக்கம் செய்தார்கள். எங்கள் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. பானெட் என்று தனியாக ஒரு மூடி கிடையாது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுதும் முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். "எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கு பார்" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். ஸ்பிட்ஃபயரிலும் அதே ஏற்பாடுதான். ஈ-டைப்பில் அதே யோசனை இன்னும் நீளமாக இருக்கும். அதைவிட வசதியான பானெட்டை இன்றுவரை யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி.

ஆனால் அதே சேஸிஸின் பின்பக்கத்தில் ஆபத்து இருந்தது. பின் ஆக்சில் நடுவில் மட்டும் மடங்கும், சக்கரத்தின் பக்கம் மடங்காது. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கும், சக்கரம் உள்பக்கமாக மடங்கும், டயரின் பிடி போய்விடும். மேலே கதவு திறக்கும் 300 எஸ்எல் கூப்பேயிலும் இதே வகை ஆக்சில்தான், இன்னும் அதிக வேகத்தோடு. பயத்தில் யாரும் இயல்பாகச் செய்யும் காரியத்தையே தண்டிக்கும் வண்டி அது. ஸ்பிட்ஃபயரில் 1970-இல் வந்த நான்காம் மாடலில் ஸ்பிரிங்கை மாற்றி இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். இதைப் பழமையின் அழகு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்போக் சக்கரத்தின் நடுவே இறக்கை வைத்த நட்டும் அப்படித்தான். சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டிக் கழற்றலாம், பார்க்கவும் லட்சணம். ஆனால் தெருவில் நடப்பவரின் காலைக் கிழிக்கக்கூடியது. 1960-களின் இறுதியில் அமெரிக்கச் சட்டம் அதைத் தடுத்தது. சரியான சட்டம். எளிதில் மடங்காத ஸ்டீயரிங் தண்டும் பெல்ட் இல்லாத சீட்டும் எத்தனை உயிர்களை எடுத்தன என்று நினைத்தால் ஏக்கம் அங்கேயே நின்றுவிடும்.

எழுந்து மடங்கும் ஹெட்லைட் விஷயத்தில் என் மனம் அவ்வளவு உறுதியாக இல்லை. மூக்கு தாழ்வாக இருந்தால் காற்று எளிதாக வழுக்கும். ஆனால் சட்டம் விளக்குக்குக் குறைந்தபட்ச உயரம் கேட்கிறது. பகலில் படுத்து இரவில் எழுந்தால் இரண்டும் கிடைக்கும். 1962-இன் லோட்டஸ் எலானில் இன்ஜினின் உறிஞ்சும் சக்தியை வைத்து விளக்கை எழுப்பினார்கள். சேஸிஸின் முன்பகுதிக் குறுக்குக் குழாயே அந்த வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டி. எங்காவது கொஞ்சம் கசிந்தால் விளக்குகள் மெல்ல மெல்லக் கண்ணை மூடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே. பின்னாளில் ஏற்பாட்டைத் திருப்பிப்போட்டு, கசிந்தால் விளக்கு எழுந்து நிற்கும்படி செய்தார்கள். எவ்வளவு நல்ல திருத்தம்! 1968-இன் ஓப்பல் ஜிடியில் மோட்டாரும் இல்லை, வெற்றிடமும் இல்லை. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதைப் பலமாகத் தள்ளினால் இரண்டு விளக்கும் ஒரே திசையில் உருண்டு திரும்பும். 2004-இல் கடைசி லோட்டஸ் எஸ்ப்ரியும் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டும் நின்றபோது இந்த வகை விளக்கும் நின்றுபோனது. சிறிய விளக்கே போதும் என்ற நிலை வந்துவிட்டது, பாதசாரிகளின் பாதுகாப்புக்கான விதிகளும் வந்தன. நியாயம் எல்லாம் புரிகிறது. இருந்தாலும் ஒரு கார் கண் திறப்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை எந்த எல்இடி பட்டையும் எனக்குத் தரவில்லை.

இங்கிலாந்தின் மால்வெர்னில் மார்கன் நிறுவனம் இன்றும் உடலுக்கு ஆஷ் மரச் சட்டம் வைத்துக் கார் செய்கிறது. அதன் நிறுவனர் ஹெச்.எஃப்.எஸ். மார்கன் தன் முதல் மூன்று சக்கர வண்டிக்குப் போட்ட முன் சஸ்பென்ஷன், ஒரு செங்குத்துத் தூணில் வழுக்கி ஏறி இறங்கும் வகை. நூறாண்டுக்கு மேல், பழைய எஃகு சேஸிஸ் 2020-இல் நிற்கும்வரை அது தொடர்ந்தது. வழுக்கும் தூணுக்கு ஆயில் வேண்டும். 1950-களின் மார்கன்களில் அதற்காகக் காலடியில் ஒரு பொத்தான் இருந்தது. அவ்வப்போது காலால் ஒரு மிதி மிதித்தால் இன்ஜினிலிருந்து கொஞ்சம் ஆயில் முன் சக்கரங்களுக்குப் போகும். ஓட்டுபவர்தான் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி கேட்காது.

சில புதிய கார்களில் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டித் தருகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எம்ஜியின் பம்ப் டிக் டிக் என்றது யாரையும் மகிழ்விக்க இல்லை. அங்கே உண்மையாகவே ஒரு சவ்வு அசைந்தது. ஸ்பீக்கரில் வரும் சத்தத்துக்குப் பின்னால் அசைவது ஸ்பீக்கர் மட்டும்தான். அதிலிருந்து வண்டியைப் பற்றி நான் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஜாகுவார் 2017-இல் மின்சார ஈ-டைப் ஒன்றைச் செய்து காட்டியது. 2018-இல் இளவரசர் ஹாரியின் திருமண நாளில் அதை எல்லோரும் பார்த்தார்கள். பழைய கார்களை மின்சாரத்துக்கு மாற்றும் பட்டறைகள் இப்போது பெருகுகின்றன. துருப்பிடித்து, இன்ஜின் இல்லாமல் கிடக்கும் உடலுக்கு அப்படி ஒரு வாழ்வு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. நல்ல இன்ஜினோடு இருப்பதைப் பிடுங்கி மாற்றுவதுதான் பொறுக்கவில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் எதையும் வெட்டாமல், பழைய இன்ஜினைக் கிரீஸ் தடவிப் பத்திரமாக வைத்துவிட்டுச் செய்யட்டும். யாராவது பின்னால் வந்து திரும்பப் பொருத்த வழியிருக்க வேண்டும்.

அப்படிப் பொருத்துவதற்குக் கை தெரிந்த ஆளும் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் பிஸெஸ்டரில், பழைய போர் விமானத் தளத்தின் கட்டடங்களில், பழைய கார்களைப் பழுது பார்க்கும் தொழிலைச் சின்னப் பசங்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். நம்மூரில் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அம்பாசடரும் ஹெரால்டும் பார்த்த மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள். பி சீரிஸின் டாப்பெட் இடைவெளியை இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாமலேயே விரலால் சொல்லிவிடக்கூடியவர்கள். அவர்கள் பட்டறைக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எதை ஏன் செய்கிறார்கள் என்று கேட்டு, அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.